பத்து மணி வேன்

டிரிங்... டிரிங்... டிரிங்...

போன் அடித்தது.

மேஜை மேல் இருந்து அடிக்கவில்லை. ஆணியில் தொங்கிய சட்டைக்குள் இருந்தும் இல்லை. பெட்ஷீட் குவித்து வைத்திருந்த தள்ளு ட்ராலிக்குள் இருந்து அடித்தது!

வேன் டிரைவர் தன் காதில் இருந்த போனை எடுத்துப் பார்த்தான். மேஸ்திரியின் நம்பரைத்தான் போட்டிருந்தான். சந்தேகமே இல்லை.

"மேஸ்திரி! ட்ராலிக்குள்ள போனைப் போட்டுட்டு எங்க போனீங்க? மணி பத்து. கையெழுத்துப் போட்டா நான் கிளம்பிடுவேன். ஆஸ்பத்திரியில ஷீட்டுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க!"

பதில் இல்லை.

அது ஒரு பெரிய சலவைக் கம்பெனி. கூடத்தில் பதினோரு மேஜை. பதினோரு இஸ்திரிப்பெட்டி. பதினோரு பேர்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை!

புஸ்... புஸ்... என்று நீராவி மட்டும் எழும்பியது.

"என்னங்க, யாருக்குமே காது கேட்கலையா?"

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே ட்ராலியின் மேல் இருந்த ஷீட்டை இழுத்தான். இரண்டாவதை இழுத்தான். மூன்றாவதை இழுத்தபோது ஒரு கை வந்தது.

"ஆ...!"

அவன் போட்ட அலறலில் இஸ்திரிப்பெட்டிகள் ஒரே நேரத்தில் நின்றன.

ஒன்பதாம் நம்பர் மேஜையில் இருந்தவள் மட்டும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஒயரைப் பிடுங்கினாள். பின்வாசல் பக்கம் நடந்தாள். வாசலைத் தாண்டியதும் ஓடினாள்.

*

இன்ஸ்பெக்டர் கூடத்துக்குள் நுழைந்த நான்காவது அடியில் வழுக்கினார்.

"பார்த்து சார்!" ஏட்டு இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இல்லையென்றால் ஒரே நாளில் இரண்டு மண்டை.

"என்னய்யா இது, தரையா ஐஸா?"

"சோப்புத் தண்ணி சார். அதோ, அந்தப் பெரிய மெஷின் ஒழுகுது."

மெஷினுக்கு முன்னால் ஒரு சிமெண்ட் படி. படியின் விளிம்பில் இரும்புத் தகடு. இன்ஸ்பெக்டர் அந்தத் தகட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். யாரோ துடைத்திருக்கிறார்கள். ஆனாலும் மூலையில் ஒரு பழுப்புக் கறை மிச்சம் இருந்தது.

போலீஸ் டாக்டர் ட்ராலிப் பக்கத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க டாக்டர்."

"பின்னந்தலையில ஒரே அடி. ஏழு மணி வாக்குல பட்டிருக்கு. செத்தது ஒன்பதரை வாக்குல."

"அப்ப ரெண்டரை மணி நேரம் உயிரோட இருந்திருக்கான்?"

"ஆமா. முதல் ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பான். ஆஸ்பத்திரியும் தூரமா இல்லை... அதோ பாருங்க!"

ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரியின் மேல்மாடி பளிச்சென்று தெரிந்தது. மொட்டை மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளி விட்டதா, தானா விழுந்ததா?"

"மண்டைக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். தள்ளின கை அடையாளம் விட்டுட்டுப் போனாத்தானே நான் சொல்ல முடியும்?"

ஏட்டு ட்ராலிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"சார்... இதைப் பாருங்க!"

பிணத்தின் தலைக்கு அடியில் தலையணை. கழுத்து வரைக்கும் கம்பளி. அடிபட்ட இடத்தில் ஒரு தலையணை உறையை எட்டாக மடித்து, அதன் மேல் இன்னொரு துணியால் கட்டுப் போட்டிருந்தது. மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

"ஏன்யா... கொலைகாரன் தலையணை வெச்சுப் போர்த்திட்டா போவான்?"

"மரியாதை தெரிஞ்ச கொலைகாரன் போல சார்."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். ஏட்டு வாயை மூடிக்கொண்டார்.

பத்துப் பேரும் சுவரோரமாக நின்றார்கள். முதல் மேஜைக்காரர்தான் வயதில் பெரியவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தது. கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"நீங்க என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணும் பார்க்கலை சார். குனிஞ்ச தலை நிமிராம இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன்."

"நீ?"

"குனிஞ்ச தலை நிமிராம இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன் சார்."

"நீம்மா?"

"குனிஞ்ச தலை நிமிராம..."

"போதும்! கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்காதீங்க. பத்துப் பேரு நிக்கறீங்க. ஒன்பதாம் நம்பர் மேஜையில பெட்டி இன்னும் சூடா இருக்கு. அது யாரு?"

பத்துத் தலைகளும் மறுபடி குனிந்தன.

ஏட்டு சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைத் தட்டினார். "சார், இந்தக் கம்பெனியில ஒரு வழக்கம். காலையில ஆறு மணிக்கு ஒவ்வொருத்தரும் வேலைக் கார்டை மெஷின்ல தேய்ச்சுட்டு மேஸ்திரிகிட்டக் குடுத்துடணும். அவரு இதுல போட்டுப் பூட்டிடுவாரு. சாயங்காலம் வேலை முடிஞ்சாத்தான் திரும்பக் கிடைக்கும். நடுவுல யாரும் எங்கேயும் போயிடக் கூடாதில்ல?"

"சாவி?"

"செத்தவர் பாக்கெட்டுல சார்."

பூட்டு திறந்தது. பதினோரு கார்டு!

இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க நெற்றியில் கோடு விழுந்தது.

"கண்ணாடிக்காரரே... உங்க கார்டுல தோட்ட வேலைக்கு மட்டும்னு போட்டிருக்கே. இங்க எந்தச் செடிக்கு இஸ்திரி போடறீங்க?"

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

"உனக்கு வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் அனுமதி. மெஷின்ல நாற்பத்தெட்டு ஓடியிருக்கு. உன்னோடது வேற ஊர்க் கம்பெனிக் கார்டு. உன்னோடது போன வாரமே காலாவதி. அட, ஒருத்தராவது ஒழுங்கா இருக்கீங்களாய்யா?"

"வெளிநாட்டுல இருந்து புதுசா வர்றவங்களுக்கு ஒழுங்கா இருக்கற கார்டே தர்றதில்லை சார்," என்றார் கண்ணாடிக்காரர் மெதுவாக. "ஒண்ணு வேலை இருக்கற இடத்துக்கு அனுமதி இருக்காது. இல்லைன்னா அனுமதி இருக்கற இடத்துல வேலை இருக்காது."

ஏட்டு செத்தவரின் சட்டைப் பையில் இருந்து இன்னொரு கார்டை எடுத்து நீட்டினார்.

"சார், மேஸ்திரி கார்டு. இதுல துணி துவைக்கும் வேலைக்கு மட்டும்னு போட்டிருக்கு!"

"எத்தனை வருஷமா மேஸ்திரி?"

"பதினோரு வருஷம் சார்."

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு ஒன்பதாம் நம்பர் கார்டை எடுத்தார். போட்டோவில் முப்பத்தைந்து வயதுப் பெண். பின்னால் வீட்டு முகவரி இருந்தது.

"ஜீப்பை எடுய்யா."

*

மாடிப்படிக்கு அடியில் ஒரே ஒரு அறை. நடுவில் கயிறு கட்டி, சேலை போட்டு மறைத்திருந்தது. அடுப்புக்கு மேலே ஸ்கூல் யூனிபார்ம் காய்ந்தது.

கதவைத் திறந்தவள் கார்டில் இருந்தவள்தான். ஆனால் வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு!

"இந்தக் கார்டு உன்னுதா?"

"ஆமா சார்."

"இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு வேலைக்குப் போனியா?"

அவள் கண்ணிமைக்காமல் சொன்னாள். "போனேன் சார்."

"எட்டுக் கிலோ இஸ்திரிப்பெட்டியை இந்தக் கையால தூக்கினே?"

"இடது கையால சார்."

"ஓடி வந்ததும் நீதானா?"

"நான்தான் சார். பயந்துட்டேன்."

"சரி. உன் மேஜை நம்பர் என்ன?"

"ஒன்பது சார்."

பதில் சரிதான். ஆனால் சேலை மறைப்புக்குப் பின்னால் இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை தலையை மட்டும் நீட்டியது.

"ஏன் பெரியம்மா பொய் சொல்றே? அம்மாதானே வேலைக்குப் போனா? இப்பக்கூட பாத்ரூம்ல அழுதுக்கிட்டிருக்காளே!"

மாவுக்கட்டுக்காரி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

பாத்ரூம் கதவு தானாகவே திறந்தது. அக்காவின் முகத்தையே நாலைந்து வயது குறைத்து வைத்தது போல் ஒருத்தி வெளியே வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். கழுவியும் பிரயோஜனம் இல்லை, கண் இரண்டும் சிவந்துதான் இருந்தன.

"அக்காவை விட்டுடுங்க சார். நான்தான் போனேன். ரெண்டு வாரமா நான்தான் போறேன்."

"வாயை மூடுடி!" என்று அக்கா கத்தினாள். "இன்னும் இருபத்துமூணே நாள்தான்டி இருக்கு! இருபத்துமூணு நாள் உன்னால பொறுக்க முடியலையா?"

"எனக்காகவா போனேன் அக்கா?"

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

*

போலீஸ் ஸ்டேஷன். மத்தியானம் இரண்டு மணி.

பெஞ்சில் பத்துப் பேர். எதிர் பெஞ்சில் அக்கா, மடியில் குழந்தை. இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு முன்னால் தங்கை.

"ஆரம்பத்துல இருந்து சொல்லும்மா. அந்த இருபத்துமூணு நாள் என்ன கணக்கு?"

தங்கை தன் கார்டை மேஜை மேல் வைத்தாள். மஞ்சள் நிறம். குறுக்கே சிவப்பு எழுத்து. வேலை செய்ய அனுமதி இல்லை.

"புதுசா வர்றவங்களுக்கு முதல் ஒரு வருஷம் இந்தக் கார்டுதான் சார். ஒரு வருஷம் ஒரு தப்பும் பண்ணாம இருந்தா வேலைக் கார்டு தருவாங்க. எனக்கு இன்னும் இருபத்துமூணு நாள். நடுவுல மாட்டினா பைலை மூடிடுவாங்க. திருப்பி அனுப்பிடுவாங்க."

"தெரிஞ்சுமா போனே?"

"அக்கா கை ஒடிஞ்சுடுச்சு சார். அதே கூடத்துல, அதே சோப்புத் தண்ணியில வழுக்கி விழுந்தா. பத்து நாள் சேர்ந்தாப்போல வேலைக்கு வரலைன்னா அவ கார்டு ரத்து. அவ கார்டு ரத்தானா அவ வீட்டுல தங்கியிருக்கற நானும் பாப்பாவும் வெளியே. அதனாலதான் அவ கார்டுல நான் போனேன். மேஸ்திரிக்கும் தெரியும். முகம் ஒண்ணாத்தானே இருக்கு, போய் நில்லுன்னாரு."

"இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு?"

"ஏழு மணிக்கு மேஸ்திரி மெஷின் பக்கம் போனாரு. கால் வழுக்கிச்சு. படியில மண்டை இடிச்சுச்சு. டொம்முன்னு சத்தம் சார்... எல்லாரும் ஓடினோம். ரத்தம். நான்தான் கட்டுப் போட்டேன். படியையும் துடைச்சேன்."

"ஆம்புலன்ஸுக்கு ஏன் போன் பண்ணலை?"

"போன் பண்றவங்க கார்டு நம்பர் கேட்பாங்களே சார். நாங்க பதினோரு பேரு... யாரு நம்பரைச் சொல்றது?"

"அட, தூக்கிட்டுப் போயிருக்கலாமே! ஜன்னல்ல தெரியுதே ஆஸ்பத்திரி!"

"வாசல்லயும் கார்டு கேட்பாங்க சார். கண்ணாடிக்காரர் போறேன்னுதான் சொன்னாரு. மேஸ்திரிதான் அவரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டாரு. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு சார் அப்போ. யாரையும் கூப்பிடாதீங்க, என் கார்டு போயிடும், எனக்கு ஒண்ணும் இல்லைன்னாரு."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்புறம்?"

"பத்து மணிக்கு வேன் வரும் சார். வேன் நேரா ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்குப் போகும். அங்க கார்டு கேட்க மாட்டாங்க. ஷீட்டை இறக்கிட்டு வந்துடலாம். அதான் அவரை ட்ராலியில படுக்க வெச்சோம். ஷீட்டோட ஷீட்டா உள்ளே போயிட்டா நர்ஸுங்க பார்த்துக்குவாங்கன்னு நினைச்சோம்."

"வேன் வர்ற வரைக்கும் என்ன பண்ணினீங்க?"

"இஸ்திரி போட்டோம்."

"என்னது?"

"லோடு ரெடியா இல்லைன்னா வேன் நின்னுடும் சார். ஒரு ஷீட் குறைஞ்சாலும் டிரைவர் எடுக்க மாட்டான். வேன் வந்ததும் உடனே கிளம்பணுமேன்னு... கை வலிக்க வலிக்க இஸ்திரி போட்டோம். இத்தனை வருஷத்துல அவ்வளவு வேகமா யாரும் போட்டதில்லைன்னு கண்ணாடிக்காரர்கூடச் சொன்னாரு." அவள் குரல் உடைந்தது. "லோடு ஒன்பதரைக்கே முடிஞ்சுடுச்சு சார். போர்வையை விலக்கிப் பார்த்தேன். அவரு கண்ணு திறந்தபடி அப்படியே இருந்துச்சு."

ஏட்டு திரும்பி நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை.

"அதுக்கு அப்புறமும் ஏன் இஸ்திரி போட்டீங்க?"

"வேற என்ன பண்றதுன்னு தெரியலை சார்."

குழந்தை ஏட்டின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது.

"நான் உன்னை நம்பறேன்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "நானே அந்த இடத்துல வழுக்கினேன். உங்க அக்கா கையே ஒரு சாட்சி. இது விபத்து. அப்படியே எழுதிடறேன். நீங்க யாரும் கொலைகாரங்க இல்லை."

பத்துப் பேரின் முகத்திலும் சின்னதாக ஒரு வெளிச்சம்.

அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது போல, அதே நேரத்தில் வாசலில் ஒரு பைல் கட்டு நுழைந்தது. பைல் கட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர். கழுத்தில் நீல நாடா, நாடாவில் அவருடைய அடையாள அட்டை.

"வணக்கம் இன்ஸ்பெக்டர். நான் கார்டு ஆபீசர். பதினோரு பேரும், ஆள் மாறி வேலை செஞ்ச அம்மாவும் இங்கதான் இருக்காங்கன்னு சொன்னாங்க."

"உங்களை யாரு கூப்பிட்டது?"

"நீங்கதான் சார். பதினோரு கார்டு நம்பரையும் உங்க ஏட்டு கம்ப்யூட்டர்ல அடிச்சாரு. எங்க ஆபீஸ்ல பதினோரு மணி அடிச்சுது!" ஆபீசர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? விபத்தா, கொலையா?"

"விபத்து."

"ரொம்ப நல்லது! சீக்கிரம் எழுதிக் குடுத்துடுங்க. விபத்துன்னா உங்க வேலை முடிஞ்சுது, மிச்சம் எல்லாம் என்னுது. இந்தப் பத்துப் பேருக்கும் ஏழு நாள் டைம். மூட்டை கட்டிக்கலாம். கார்டைக் குடுத்த அக்காவுக்கும் அதேதான். அடுத்தவங்க கார்டுல வேலை செஞ்ச அம்மாவுக்கும் குழந்தைக்கும் டைம் கிடையாது. நாளைக் காலையில ப்ளைட்."

தங்கை ஆபீசர் பக்கம் திரும்பினாள்.

"சார்... என்னை மட்டும் அனுப்புங்க. பாப்பாவை விட்டுடுங்க. அவ அப்பாவை எங்க நாட்டுல கொன்னப்போ அவ பக்கத்துலதான் இருந்தா. கொன்னவங்களை அவ பார்த்திருக்கா. அவங்க அவளைத் தேடிக்கிட்டிருக்காங்க சார்!"

"அதெல்லாம் மனுவுல எழுதியிருக்கணும்."

"எழுதியிருக்கேன் சார்!"

"அப்ப படிப்பாங்க. வரிசைப்படி." ஆபீசர் பைலைப் பிரித்தார். "இன்ஸ்பெக்டர், சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் கிடைக்குமா?"

இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் கொலைன்னு எழுதினா என்ன பண்ணுவீங்க?"

"ஐயையோ, அந்தத் தலைவலி எனக்கு எதுக்கு?" ஆபீசர் கையை உதறினார். "கொலைன்னா கேஸ் முடியற வரைக்கும் நான் யாரையும் தொட முடியாது. செஞ்சவங்க, பார்த்தவங்க, அவங்க வீட்டு ஆளுங்க... ஒருத்தரையும் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. சாட்சியாச்சே! போன வருஷம் ஒரு கேஸ் முடிஞ்சுது. பதினாலு வருஷம் ஓடியிருக்கு. சாட்சி சொல்ல வந்தவன் இங்கேயே கல்யாணம் பண்ணி, பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பிட்டான்!"

ஆபீசர் மறுபடி சிரித்தார்.

தங்கை சிரிக்கவில்லை. அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம்டி..."

தங்கை எழுந்து நின்றாள்.

"சார், நான் இவ்வளவு நேரம் பொய் சொன்னேன்."

"என்னம்மா?"

"மேஸ்திரி வழுக்கி விழலை. நான்தான் தள்ளி விட்டேன்!"

ஆபீசரின் பேனா நின்றது.

"உட்காரும்மா!" என்று இன்ஸ்பெக்டர் கர்ஜித்தார். "யாருகிட்ட விளையாடறே? தள்ளி விட்டவ எதுக்குக் கட்டுப் போட்டே?"

"தள்ளினப்புறம் பயம் வந்துடுச்சு சார்."

"எதுக்குத் தள்ளினே?"

"அக்கா கை ஒடிஞ்சதுக்கு அவருதான் காரணம். மெஷினைச் சரி பண்ணச் சொல்லி எத்தனை தடவை கேட்டோம்! கேட்கவே இல்லை. கோபத்துல தள்ளிட்டேன்."

"பார்த்த சாட்சி?"

அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். கெஞ்சவில்லை, கண் ஜாடை காட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

பத்து விநாடி.

கண்ணாடிக்காரர் எழுந்தார். நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் பார்த்தேன் சார். நிமிர்ந்து பார்த்தேன்."

இரண்டாவது ஆள் எழுந்தான். "நானும் பார்த்தேன் சார்."

"நானும்..."

"நானும் சார்..."

பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக எழுந்த பெண் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். யாருக்காக அழுதாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ஆபீசர் பதறினார். "இன்ஸ்பெக்டர்! இது பச்சைப் பொய்! எல்லாரும் சேர்ந்து நாடகம் ஆடறாங்க!"

"பத்துப் பேரு பார்த்திருக்காங்க சார். நான் எப்படிப் பொய்னு சொல்ல முடியும்?" இன்ஸ்பெக்டரின் குரலில் சுரத்து இல்லை. "உங்க பைலைக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க. கேஸ் முடிஞ்சதும் சொல்லி அனுப்பறேன்."

ஆபீசர் போன பிறகு அவர் தங்கையை அருகில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"பைத்தியக்காரி. கோர்ட்டுல நீ குற்றத்தை ஒத்துக்கிட்டா அன்னைக்கே கேஸ் முடிஞ்சிடும். அடுத்த நாளே இவங்களை எல்லாம் அனுப்பிடுவாங்க. தெரியுமா?"

"தெரியும் சார். கோர்ட்டுல மறுப்பேன்."

"ஆங்?"

"இங்க ஒத்துக்குவேன், அங்க மறுப்பேன். அப்பத்தானே சாட்சிகளை ஒவ்வொருத்தரா விசாரிப்பாங்க?"

இன்ஸ்பெக்டர் பெஞ்சை எண்ணினார். பத்து. வருஷத்துக்கு ஒரு சாட்சி என்று வைத்தால்கூடப் பத்து வருஷம்.

"அதுக்குள்ள உன் பொண்ணுக்குப் பதினாறு வயசாயிடும்மா."

"அதுதான் சார் எனக்கு வேணும்."

"நீ உள்ளேயே இருப்பே. கொலைக் கேஸ்... ஜாமீன் கிடைக்காது."

அவள் தலையசைத்தாள். அக்காவின் மடியில் இருந்த குழந்தையிடம் போனாள். தூக்கவில்லை. தூக்கினால் இறக்கி விட முடியாது என்று அவளுக்குத் தெரியும். தலையில் இருந்த ஏட்டுத் தொப்பியை மட்டும் நேராக்கினாள்.

"பெரியம்மா சொன்ன பேச்சைக் கேளு. ஸ்கூலுக்குத் தினமும் போகணும்."

"நீ எங்கம்மா போறே?"

"வேலைக்கு."

*

இருபத்துமூன்றாவது நாள்.

சிறை. பார்வையாளர் அறை. நடுவில் கண்ணாடி. இந்தப் பக்கம் தங்கை, அந்தப் பக்கம் அக்கா. மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது.

"சலவைக் கம்பெனியைப் பூட்டி சீல் வெச்சுட்டாங்கடி," என்றாள் அக்கா. "யாருக்கும் வேலை இல்லை. கண்ணாடிக்காரர் தினமும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு கம்பெனி வாசல்லயே வந்து உட்கார்ந்துக்கறாரு. சாட்சிக்குத் தங்கத்தான் அனுமதியாம். வேலை செய்யக் கூடாதாம். எல்லார் கையிலயும் இப்ப மஞ்சக் கார்டு."

"எல்லாருக்குமா?"

"எனக்கும்தான்."

"பாப்பா?"

"ஸ்கூலுக்குப் போறா. அம்மா எப்ப வேலை முடிஞ்சு வருவான்னு தினமும் கேட்கறா. நான் என்னடி சொல்லுவேன்? நீ பண்ணினது சரின்னும் சொல்ல முடியலை, தப்புன்னும் சொல்ல முடியலை. நெஞ்சு வெடிச்சுடும் போல இருக்கு."

தங்கை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அக்கா கோணல் கையை அதன் மேல் வைத்தாள். கண்ணாடி ஜில்லென்று இருந்தது.

"உனக்கு ஒரு தபால் வந்திருக்கு." அக்கா ஒரு கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள்.

கொலைக் கேஸ் ஒரு கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. கார்டு மனு வேறொரு கம்ப்யூட்டரில் இருந்தது. இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது.

உங்கள் வேலை அனுமதிக் கார்டு தயார். ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். வரத் தவறினால் ரத்து செய்யப்படும்.

தங்கை இரண்டு தடவை படித்தாள்.

"நேர்லயா வரணும்?"

"நேர்ல."

மணி அடித்தது. அக்காவைப் போகச் சொன்னார்கள். கதவு வரைக்கும் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தங்கை அவள் மறையும் வரைக்கும் கையைக் கண்ணாடியில் இருந்து எடுக்கவில்லை.

"ஏய், ஒன்பதாம் நம்பர் மேஜை!"

பெண் வார்டன். கேஸ் பேப்பரைப் படித்துவிட்டு வைத்த பட்டப்பெயர். இடுப்பில் சாவிக் கொத்து. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"இருபத்துமூணு நாளா சுவரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கே. இப்படி இருந்தா புத்தி கலங்கிடும். என்ன வேலை தெரியும் உனக்கு?"

"இஸ்திரி போடத் தெரியும்."

"அட! அதைச் சொல்ல வேண்டியதுதானே! இங்க சலவைக் கூடத்துல ஆள் இல்லாம நாறிக்கிட்டிருக்கு. போலீஸ் யூனிபார்ம், ஆஸ்பத்திரி ஷீட் எல்லாம் மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கு. நாளைக் காலையில ஆறு மணிக்கு வந்துடு."

தங்கையின் கை பழக்க தோஷத்தில் இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"அம்மா... கார்டு?"

"என்ன கார்டு?"

"வேலை செய்யறதுக்கு... அனுமதிக் கார்டு."

வார்டன் சிரித்த சிரிப்பில் சாவிக் கொத்து குலுங்கியது.

"கார்டா? இந்த ஊர்லயே கார்டு கேட்காம வேலை குடுக்கற ஒரே கம்பெனி இதுதான்டி! சேர்றதுதான் கொஞ்சம் கஷ்டம்... சேர்ந்துட்டா, யாரும் உன்னை வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க!"